வாண்டரர்ஸ் கிளப்பின் நாற்பத்தொரு விதிகள்

சாம்ராஜ்யங்கள் சரியும்போது வானம் இருளும், நரி ஊளையிடும், அரண்மனைத் தூண்கள் தாமாகவே அதிரும் என்று பெரியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வெக்ஸ்போர்ட் வாண்டரர்ஸ் ரக்பி லீக் கிளப் சரிந்தபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 1974-ஆம் வருஷம், ஸ்கார்பரோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நல்ல வெயில். ஏழாவது மாடி பால்கனியில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்த வனஜா மட்டும்தான் அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்தாள். அவளும் முதலில், கீழே மைதானத்தில் யாருடைய சாவியோ தொலைந்துவிட்டது, இருபது பேர் புல்லில் விழுந்து புரண்டு தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த ஞாயிறும் தேடினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் தேடினார்கள். எந்தச் சாவிக்கும் இவ்வளவு மரியாதை இருக்க முடியாது என்று தோன்றியதும் வனஜா துணியை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தாள். முட்டை வடிவத்தில் ஒரு பந்து இருந்தது. ஒருவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். அவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்பக்கம் உருட்டினான். இன்னொருவன் எடுத்துக்கொண்டு ஓடினான். அவன்மேலும் விழுந்தார்கள். எதற்காக இப்படி என்பதுதான் தெரியவில்லை.

திருச்சியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். டொராண்டோவுக்கு வந்து ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் அடுக்குகிறாள். கணக்கு போய்விட்டாலும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. எண்ணினாள். ஒரு பக்கம் வாரத்துக்கு ஒரு நிறச் சட்டையில் வேறு வேறு ஆட்கள். எப்போதும் பதின்மூன்று பேர். மறுபக்கம் எப்போதும் அதே அரக்கும் மஞ்சளும் பட்டை போட்ட சட்டை; மே மாதம் பன்னிரண்டு பேர், ஜூனில் பதினொன்று, ஜூலை முதல் வாரம் ஒன்பது.

"என்னங்க, இவங்க வாராவாரம் குறையறாங்க."

உள்ளே சோபாவில், ஊரிலிருந்து கப்பலில் வந்த ஆறு வாரப் பழைய பத்திரிகையை அன்றைய செய்தி போலப் படித்துக்கொண்டிருந்தார் ராஜசேகரன். "யாரு குறையறாங்க?"

"கீழ விளையாடறவங்க. பன்னண்டு பேர் இருந்தாங்க. இப்ப ஒன்பதுதான். மீதி மூணு பேர் என்ன ஆனாங்க?"

"கட்சி மாறியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அவருக்கு அப்போது உலகமே கட்சி மாறியவர்களால் ஆனது. ராஜசேகரன் ஒரு லிஃப்ட் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். பிறரை மேலே அனுப்புவது அவர் தொழில். ஆனால் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய முத்தமிழ் மாலைச் சங்கத்தில் அவரால் மேலே போக முடியவில்லை. செயலாளர் தேர்தலில் இரண்டு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் சீதாராமன். இந்தச் சீதாராமன்தான் ஒவ்வொரு தீபாவளி நாடகத்திலும் கதாநாயகன். போன வருஷம் நாற்பத்தெட்டு வயதில் காலேஜ் மாணவனாக நடித்து, கதாநாயகியின் அப்பாவைவிட மூத்தவராகத் தெரிந்தார். இந்த மாதிரி அக்கிரமங்களைத் தடுக்க ராஜசேகரன் நாற்பத்தொரு விதிகள் கொண்ட ஒரு சட்டதிட்டத்தைத் தயாரித்திருந்தார். வனஜா அதை மூன்று தடவை டைப் அடித்திருந்தாள். சங்கம் அதைப் படிக்காமலே நிராகரித்தது. அன்றிலிருந்து அது பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

மறுவாரம் வனஜா தனியாகக் கீழே இறங்கிப் போனாள். மைதானத்தின் ஓரத்தில் மூன்று மடக்கு நாற்காலிகள். ஒன்றில் அறுபத்தேழு வயதுக்காரர் ஒருவர், தட்டைத் தொப்பி. பெயர் ஹெய்க், குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இன்னொன்றில் அவர் மனைவி. மூன்றாவதில் ஒரு பழைய தபால்காரர், காலடியில் அவருடைய நாய். வாண்டரர்ஸ் கிளப்பின் ரசிகர் கூட்டம் மொத்தமும் இதுதான். நாயைச் சேர்க்காமல் ஹெய்க் கணக்குச் சொல்வதில்லை.

ஹெய்க் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் இங்கிலீஷ். வனஜாவுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி இது:

"ஆறு தடவைம்மா. எதிராளி ஆறு தடவை விழத்தட்டலாம். அதுக்குள்ள அந்தக் கோட்டைத் தாண்டிப் பந்தை வெச்சிடணும். அதுக்குப் பேர் டிரை."

"அப்ப எதுக்குப் பந்தைப் பின்னாலயே குடுக்கறாங்க? முன்னாலதானே போகணும்?"

"முன்னால குடுத்தா தப்பு."

"முன்னால போகணும், ஆனா பின்னாலதான் குடுக்கணும்?"

"அதேதான்."

வனஜாவுக்கு உடனே பிடித்துப்போனது. அவள் ஆபீசில் ஃபைல் நகர்வதும் இதே முறையில்தான். ஆனால் அங்கே யாரும் அதை விளையாட்டு என்று ஒத்துக்கொள்வதில்லை.

"ஏன் ஆள் குறையுது?" என்று அவள் வந்த காரியத்தைக் கேட்டாள்.

ஹெய்க் விரல் விட்டுச் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால் யார்க்ஷயரிலிருந்து நாற்பது பேர் ஒரே கப்பலில் வந்தார்கள். இரண்டு டீம் இருந்தது. ஆட்டம் முடிந்தால் பாட்டு, பீர். பிறகு கல்யாணம், முழங்கால், கால்கரியில் நல்ல வேலை. பிறந்த பிள்ளைகள் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது லீக்கில் இருப்பதே மூன்று கிளப். லீக்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: இந்த சீசனில் நீங்கள் ஒரு தடவைகூடப் பதின்மூன்று பேரோடு இறங்கவில்லை, செப்டம்பர் கடைசி ஞாயிறு ஒஷாவா கிளப்போடு ஒரு முழு ஆட்டம் நடக்காவிட்டால் உங்கள் பெயர் நீக்கப்படும், மைதானமும் கைமாறும்.

"அவ்வளவுதானா?"

"அடுத்த வருஷம் பாருங்க" என்றார் ஹெய்க். அவர் மனைவி பின்னலிலிருந்து கண்ணெடுக்காமல், "பதினோரு வருஷமா இதைத்தான் சொல்றார்" என்றாள்.

"கமிட்டி ஒண்ணும் செய்யலியா?"

"கமிட்டியா? தலைவர் மூணு வருஷத்துக்கு முன்னாலயே கால்கரி போயிட்டார். செயலாளர் செத்துட்டார். பொருளாளர் யாருன்னு ஞாபகம் இல்லை."

ராத்திரி சாப்பாட்டின்போது வனஜா இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் சொன்னாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி பாதியில் நின்றது.

"எல்லாப் பதவியும் காலியா?"

"ஆமாங்க."

"தலைவர் பதவியுமா?"

"அதுதான் முதல்ல காலியாச்சாம்."

ராஜசேகரன் சாப்பிடாமலே எழுந்து கை கழுவினார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பட்டுப்புடவை கட்டிலில் வந்து விழுந்தது.

அடுத்த ஞாயிறு அவர் கோட்டும் டையுமாய் மைதானத்துக்கு இறங்கினார். அதற்கு அடுத்த வாரம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்து ஹாலில், வாண்டரர்ஸ் கிளப்பின் மறுமலர்ச்சிப் பொதுக்குழு கூடியது. ஆட்டக்காரர்கள் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரே அவசரம்தான். மூலைக் கடை மூடுவதற்குள் பீர் குடிக்கப் போக வேண்டும். ராஜசேகரன் நாற்பத்தொரு விதிகளையும் வாசித்தார். "முத்தமிழ் மாலைச் சங்கம்" என்று இருந்த இடத்திலெல்லாம் "ரக்பி லீக் கிளப்" என்று வனஜா மாற்றி அடித்திருந்தாள். மற்றபடி ஒரு கமா மாறவில்லை. பதினேழாவது விதி ஹார்மோனியத்தை யார் பொறுப்பில் வைப்பது என்பதைப் பற்றியது. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

தலைவர் ராஜசேகரன். காப்பாளர் ஹெய்க். ஒன்பது ஆட்டக்காரர்களையும் கௌரவிக்காமல் விடலாமா? அவர்களுக்கும் ஆளுக்கொரு பதவி. தோள்பட்டை கதவு அகலம் இருந்த ஒரு வெல்டர் இலக்கியச் செயலாளரானார். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "என் மனைவிகிட்ட காட்டணும்" என்றார்.

"ஆள் சேர்க்கணும்னா பதவி குடுக்கணும், வனஜா" என்று ராஜசேகரன் விளக்கினார். "வெறும் உறுப்பினராச் சேருங்கன்னா எவன் வருவான்? உபதலைவர்னு சொல்லு, பஸ் பிடிச்சு வருவான்."

இதில் அவர் சொன்னது தப்பில்லை. ஆகஸ்டுக்குள் பத்துத் தமிழர்கள் சேர்ந்தார்கள், பத்துப் பேரும் நிர்வாகிகள். ஒரு பல் டாக்டர் விழாக்குழுத் தலைவர். ஓர் ஓய்வு பெற்ற தாசில்தார், மகனைப் பார்க்க வந்தவர், ஆறு மாத விசாவில் ஆலோசகர். லெட்டர்ஹெட் அச்சாகி வந்தது. இடது ஓரத்தில் நிர்வாகிகளின் பெயர்கள் மேலிருந்து கீழ்வரை இறங்கியதில், கடிதம் எழுத வலது பக்கத்தில் ஒரு ரிப்பன் அகலம்தான் மிஞ்சியது. அதில் ராஜசேகரன் முதல் கடிதத்தை, திருச்சியில் இருந்த தன் மச்சானுக்கு எழுதினார். இரண்டாவது கடிதம் லீக் செயலாளருக்கு. சட்டதிட்டத்தின் ஒரு பிரதியை இணைத்து, ரிஜிஸ்டர் தபாலில்.

வந்தவர்களில் நிஜமாகவே பந்தைத் தொட்டவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் யூனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்கிறவர்கள்; வனஜா கொண்டுவந்த எலுமிச்சம் சாதத்துக்காக வந்து, சாதம் ஆறும்வரை ஓடினார்கள். மூன்றாவது ஆள் சிவபாதம், யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கர். சப்வேயும் பஸ்ஸும் மாறி முக்கால் மணி நேரம் வருவார்.

"சென் ஜேம்ஸ் ரவுண் எண்ட இடத்திலயிருந்து வாறன் அண்ணை" என்று அவர் முதல் நாள் அறிமுகம் செய்துகொண்டார். "கண்டியில படிக்கேக்க ரக்பி விளையாடினனான்."

"ரொம்ப சந்தோஷம். உங்களை இலங்கை விவகார உபதலைவரா நியமிக்கிறேன்."

"எனக்கு உந்த உபதலைவர் எல்லாம் வேண்டாம் அண்ணை. ஒரு ஜேர்சி தந்தாக் காணும்."

"முதல்ல பதவி. ஜெர்சி அப்புறம்."

சிவபாதம் வனஜாவைப் பார்த்தார். வனஜா தோளைக் குலுக்கினாள். அவர் பதவியை வாங்கிக்கொண்டு ஜெர்சிக்கு வரிசையில் நின்றார். முதல் பயிற்சியில் தலையைச் சொறிந்தபடி திரும்பி வந்தார். "உது வேற விளையாட்டு அக்கா. நாங்கள் பதினைஞ்சு பேர். விழுந்தாப் பந்துக்கு அடிபடுவம். இஞ்ச விழுந்தவனை மரியாதையா எழும்ப விடுறாங்கள்."

"எது நல்லது?"

"இது கனக்க ஓடவேணும். ஆனாப் பார்க்கிறவைக்கு விளங்கும்."

வனஜாவுக்கு விளங்கத்தான் செய்தது. எதிரணிக்காரன் எந்தக் கால் பக்கம் சாய்வான், எத்தனையாவது தடவை விழுந்த பிறகு உதைப்பான் என்றெல்லாம் அவள் முன்கூட்டியே சொல்லத் தொடங்கினாள். தபால்காரர் அவளோடு பந்தயம் கட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் ஒரு குறை இருந்தது. இத்தனை வாரம் பார்த்தும் இரண்டு பக்கமும் முழுசாக ஆள் நின்று ஒரு ஆட்டத்தை அவள் பார்த்ததில்லை. ஒன்பது பேர் ஓடும்போது எங்கெங்கோ ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகளில் நாலு பேர் நின்றால் இந்த விளையாட்டு எப்படி இருக்கும் என்பது அவளை ஃபைல் அடுக்கும்போதுகூட அரித்தது. அவளுக்கு மறுமலர்ச்சி வேண்டாம். ஒரே ஒரு முழு ஆட்டம் போதும்.

செப்டம்பர் நடுவில் எண்ணிப் பார்த்தாள். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு.

"ஒரு ஆள் குறையுதுங்க."

"ஏற்பாடு பண்றேன்."

"நீங்களே இறங்கலாமே?"

ராஜசேகரன் சிரித்தார். நாற்பத்திரண்டு வயது, கொஞ்சம் தொந்தி, முழுக்கைச் சட்டை. "தலைவர் ஆட்டம் ஆடுவாரா? நான் தொடக்க உரை ஆற்றணும். பல் டாக்டர்கிட்ட பேசியிருக்கேன், அவர் வருவார்."

செப்டம்பர் 29. மேசைமேல் வெள்ளை விரிப்பு, வாடகை மைக், பூங்கொத்து. வெயில் மெல்லிசாக இருந்தது. பல் டாக்டர் வந்தார்; மூன்று துண்டு சூட்டில், கையில் நன்றியுரையோடு. விளையாடவா என்று கேட்டதற்கு, "என் விரலைப் பாருங்க சார், இதுதான் என் சோறு" என்றார். நியாயம்தான். பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது.

அப்போதுதான் மிஸ்டர் பிக்கிள்ஸ் வந்தார். லீக்கின் செயலாளரும் அவர்தான், நடுவரும் அவர்தான். லீக் அவ்வளவு சின்னது. ஒல்லியான மனிதர், கறுப்பு அரை டிரவுசர், கழுத்தில் விசில், அக்குளில் ஒரு ஃபைல். நேராக ராஜசேகரனிடம் போய்க் கை குலுக்கினார்.

"உங்கள் சட்டதிட்டத்தை முழுசாகப் படித்தேன்."

ராஜசேகரனின் முகம் மலர்ந்ததை வனஜா பார்த்தாள். அந்த நாற்பத்தொரு விதிகளுக்குக் கிடைத்த முதல் வாசகர். "எப்படி இருந்தது?"

"அருமை. முப்பது வருஷமாக இப்படி ஒரு ஆவணத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஹார்மோனியம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை. அது கிடக்கட்டும். இருபத்தொன்பதாம் விதி." அவர் ஃபைலைத் திறந்து வாசித்தார். "கிளப்பின் எந்த நிர்வாகியும் கிளப் நடத்தும் நிகழ்ச்சி எதிலும் தாமே பங்கேற்கலாகாது."

அது சீதாராமனுக்காக எழுதிய விதி. அவர் இனி கதாநாயகனாக நடிக்கக் கூடாது என்பதற்காக.

"ஆமாம்" என்றார் ராஜசேகரன், இன்னும் பெருமையோடு.

"உங்கள் லெட்டர்ஹெட்டில் இருபத்தோரு நிர்வாகிகள். இன்று ஆடப்போகும் பன்னிரண்டு பேரும் அதில் இருக்கிறார்கள். ஆக, உங்கள் கிளப்பில் நிர்வாகிகள் இருபத்தொன்று, ஆட்டக்காரர்கள் பூஜ்யம்."

மைக் உயிரோடு இருந்ததால் இது மைதானம் முழுக்கக் கேட்டது. இலக்கியச் செயலாளர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ராஜினாமா செய்யட்டும்" என்று வனஜா சொன்னாள். "இருபத்தேழாம் விதி. எழுத்தில் குடுத்தா உடனே அமலாகும்."

அவள் அதைச் சங்கத்துக்காக மூன்று தடவை, கிளப்புக்காக நாலாவது தடவையும் டைப் அடித்தவள். அர்த்தம் தாமதமாக வந்தாலும் நம்பர் ஒருபோதும் தவறாது. பல் டாக்டரின் நன்றியுரைக் காகிதங்களைப் பின்பக்கம் திருப்பி ஆளுக்கொன்றாகக் கிழித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் ராஜினாமா எழுதினார்கள்.

"அப்பாடா, இண்டைக்குத்தான் சுகமாக் கிடக்கு" என்று சிவபாதம் பேனாவை மூடினார்.

பிக்கிள்ஸ் எண்ணினார். "பன்னிரண்டு. பதின்மூன்றாவது?"

 எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ஹெய்க் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய பதினோரு வருஷத்து ‘அடுத்த வருஷமும்’ இப்போது ஒரு லிஃப்ட் இன்ஜினியரின் தொந்திமேல் போய் நின்றது.

ராஜசேகரன் தொண்டையைக் கனைத்தார். "நான் தயார்தான். ஆனா விதி இடம் தராது. தலைவர் ராஜினாமா செய்யணும்னா முப்பத்தொன்றாம் விதிப்படி இருபத்தொரு நாள் நோட்டீஸ் குடுக்கணும்."

"சரியே" என்றார் பிக்கிள்ஸ், வருத்தத்தோடும் மரியாதையோடும்.

வனஜா கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் பூங்கொத்தைச் சரிசெய்தார். ராத்திரி ராத்திரியாக அந்த விதிகளை அவர் சத்தமாகச் சொல்ல, அவள் அடித்தது அவளுக்கு நினைவு வந்தது. திருச்சி மச்சான் பதில் எழுதியிருந்தார்: ‘மாப்பிள்ளை, கனடாவில் வெள்ளைக்காரனுக்கே தலைவர்!’ அந்தக் கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மைதானத்தின் இடது ஓரத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அது நிறைந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது.

"முப்பத்தாறாம் விதி" என்றாள்.

பிக்கிள்ஸ் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அவர் கண் மின்னியது. "நம்பிக்கையில்லாத் தீர்மானம். உறுப்பினர் யாரும் கொண்டுவரலாம். கை தூக்கினால் போதும். அந்த நிமிஷமே அமல்."

அதுவும் சீதாராமனுக்காக எழுதியதுதான்.

"வனஜா!" என்றார் ராஜசேகரன் மைக்கை மறைத்துக்கொண்டு. "நீயா?"

"நான் ஒரு டாலர் கட்டின உறுப்பினர்ங்க."

"வீட்டுல பேசிக்கலாமே?"

"வீட்டுல பேசினாப் பதின்மூணாவது ஆள் கிடைக்க மாட்டாருங்க."

"நான் வழிமொழியிறன்" என்றார் சிவபாதம். "குறை நினைக்காதேங்கோ அண்ணை."

தீர்மானத்தை ஓட்டுக்கு விடுவது தலைவரின் பொறுப்பு.  ராஜசேகரன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மைக்குக்கு வந்தார். விதியை முறையாக வாசித்தார். "ஆதரிப்போர் கை தூக்கவும்."

எல்லாக் கையும் எழுந்தது. கொஞ்சம் வேகமாகவே எழுந்தது. ஆலோசகர் தாசில்தார், விஷயம் புரியாமலே இரண்டு கையையும் தூக்கினார்.

"எதிர்ப்போர்?"

நாய் ஒரு தடவை குரைத்தது. பிக்கிள்ஸ் அதைச் செல்லாத ஓட்டு என்றார்.

"தீர்மானம் நிறைவேறியது" என்றார் ராஜசேகரன். குரல் நடுங்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் வனஜாவுக்கு அவர் உண்மையிலேயே தலைவர் மாதிரி தெரிந்தார். "விடைபெறும் தலைவர் ஒரு சில வார்த்தைகள்..." என்று அவர் தொடங்கியதும் பிக்கிள்ஸ் விசிலை ஊதினார்.

கார் மறைவில் அவர் அரை டிரவுசருக்கு மாறிக்கொண்டிருந்தபோது ஒஷாவா வேன் வந்தது. கதவு திறந்தது, ஒவ்வொருவராக இறங்கினார்கள். வனஜா எண்ணினாள். பன்னிரண்டோடு கதவு மூடியது.

"ஒருத்தனுக்கு ஃபாக்டரில ஷிஃப்ட்" என்றான் அவர்கள் கேப்டன். "பன்னண்டு பேரோட ஆடறோம், என்ன இப்போ?"

"முழு ஆட்டம் என்றால் இருபத்தாறு பேர்" என்றார் பிக்கிள்ஸ். "இருபத்தைந்து இல்லை."

ஹெய்க் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான் இறங்கறேன்" என்றார். அவர் மனைவி முதல்முறையாகப் பின்னலைக் கீழே வைத்தாள். ஹெய்க் அங்கேயே காப்பாளர் பதவிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. செத்தாலும் ஒஷாவா சட்டையைப் போட மாட்டேன்."

அப்படியானால் வாண்டரர்ஸில் பதினான்கு பேர், ஒஷாவாவில் பன்னிரண்டு. ஒருவரைக் கடன் கொடுக்க வேண்டும். யாரைக் கொடுத்தால் நமக்குச் சேதம் குறைவு என்று ஆட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு நெடுநேரம் நடக்கவில்லை. ராஜசேகரன் காருக்குப் பின்னாலிருந்து அரக்கும் மஞ்சளுமாய் வெளியே வந்தார். வெல்டர் மெதுவாக அவர் தலைவழியாக அதைக் கழற்றி, ஒரு பச்சைச் சட்டையை மாட்டிவிட்டார்.

ஆக, வனஜா முழு ஆட்டம் பார்த்தாள். அவள் நினைத்தது மாதிரி இல்லை. அதைவிட நன்றாக இருந்தது. ஓட்டைகள் அடைபட்டதும் ஆட்டம் சதுரங்கம் மாதிரி இறுகியது. ஒரு அடிக்கு நாலு பேர் மண்ணைக் கவ்வ வேண்டியிருந்தது. சிவபாதம் ஒரு டிரை வைத்தார். ஹெய்க் வலது ஓரத்தில் தொப்பியோடு நின்றார். ஒரு தடவை பந்து கைக்கு வந்தது, ஓடாமல் ஒரு வினாடி அதைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகப் பின்னால் கொடுத்தார். எண்பது நிமிஷமும் வனஜா ஒவ்வொரு தடவை விழுவதையும் வாய்விட்டு எண்ணினாள். கடைசியில் பிக்கிள்ஸ் ஃபைலில் "முழு ஆட்டம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளப் பிழைத்தது. மைதானமும் பிழைத்தது.

"அடுத்த வருஷம் பாருங்க" என்றார் ஹெய்க், மூச்சு வாங்க. அவர் மனைவி இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயித்தது யார் என்பது மட்டும் பாக்கி. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருந்தபோது இரண்டு பக்கமும் பதின்மூன்று பாயிண்ட். யாரோ உதைத்த பந்து உயரமாகப் போய், வாண்டரர்ஸ் கோட்டுக்குப் பின்னால், எது யாருடைய பக்கம் என்று தேடிக்கொண்டிருந்த ராஜசேகரனின் காலடியில் வந்து விழுந்தது. ஒதுங்கப் பார்த்தவர் தடுக்கி அதன்மேலேயே விழுந்தார். அது டிரை. மூன்று பாயிண்ட். ஒஷாவாக்காரர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டார்கள்.

மேலே இருந்தபடி அவர் வாண்டரர்ஸ் ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்தார்.